உறுதியின்மையிலிருந்து உறுதிநிலைக்கு: குற்றலைநீளச் சுயாதீன இலத்திரன் இலேசரின் வரலாறு

விஞ்ஞான வரலாறு பெரும்பாலும் முதல் நாட்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகின்றது. இன்ன ஆண்டில் இன்னார் இன்னதைக் கண்டார் என்ற குறிப்பு ஏட்டில் ஏறியதும் அவ்விடயம் நிறைவெய்திவிட்டதாக நாம் கருதிக்கொள்கின்றோம். ஒரு கருவி முதன்முறையாக இயங்கிய நாளுக்கும், அதனைக் கட்டுவதிற் பங்கு கொள்ளாத ஒருவர் அதனை நம்பித் தமது ஆய்வை நடத்தக்கூடியதாக வந்த நாளுக்கும் இடைப்பட்ட காலம் வரலாற்றாசிரியரின் கண்ணில் அரிதாகவே படுகின்றது. ஆயின் உழைப்பும் ஐயமும் பொறுமையும் செறிந்து கிடப்பது அந்த இடைக்காலத்திலேயே ஆகும். இவ்வுண்மையை விளக்குதற்குச் சுயாதீன இலத்திரன் இலேசரின் வரலாற்றைப் போன்ற சான்று பிறிதொன்று கிடைத்தல் அரிது. கலைப்பீட மாணவர் ஒருவர் பௌதிகவியற் கருவியொன்றைப் பற்றி எழுதுவது பொருந்துமோ என வினவுவோர் இருத்தல் கூடும். கருவி பௌதிகவியலுக்கு உரியது. அக்கருவியின் வரலாறோ மனித முயற்சியின் வரலாறு. அது எமக்கும் உரியதே.

கருவியின் இயல்பு

1895இல் ரொன்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். 1912இல் மக்ஸ் வொன் லாவேயின் முயற்சியால், பளிங்குகளினூடு செல்லும் எக்ஸ் கதிர்கள் கோணலடைந்து ஒழுங்கான புள்ளிக் கோலத்தைத் தருதல் புலனாயிற்று. அணுக்கள் பொருள்களில் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதை அறியும் வழி அதனாற் பிறந்தது. 1960இல் மெய்மன் முதலாவது இலேசரை இயக்கிக் காட்டினார். ஒரே அலைநீளமும் ஒரே அவத்தையும் கொண்ட செறிந்த ஒளியை இலேசர் தந்தது. இவ்விரண்டையும் இணைத்து, எக்ஸ் கதிரின் நுண்மையும் இலேசரின் ஒழுங்கும் ஒருங்கே அமைந்த ஒளியைப் பெறுதல் கூடுமா என்ற வினா இயல்பாகவே எழுந்தது. சாதாரண இலேசரில் அணுக்களுக்குள் கட்டுண்ட இலத்திரன்களே ஒளியைத் தருகின்றன. அலைநீளம் குறையக் குறைய அவ்வழி மிகக் கடினமாகின்றது. எனவே அணுவினின்றும் விடுபட்ட இலத்திரன்களை நாடவேண்டியதாயிற்று.

ஒளியின் வேகத்தை அண்மித்துச் செல்லும் இலத்திரன், காந்தப்புலத்தினால் வளைக்கப்படும்போது ஒளியை உமிழும். 1947இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ரிக் ஆய்வுகூடத்தில் ஓர் ஆர்முடுக்கியினுள் இவ்வொளி முதன்முறையாகக் கண்ணாற் காணப்பட்டது. 1951இல் ஹான்ஸ் மொற்ஸ் என்பார், வடமுனையும் தென்முனையும் மாறி மாறி வருமாறு காந்தங்களை வரிசையாக அடுக்கி, அவ்வரிசையினூடே இலத்திரன்களைச் செலுத்தினால் அவை பாம்புபோல் நெளிந்து சென்று ஒளியை ஒரே திசையிற் செறிவாக உமிழும் என எடுத்துக் காட்டினார். 1953இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் அவரும் அவர் குழுவினரும் அதனைச் செய்தும் காட்டினர். இக்காந்த வரிசையை நாம் நெளிவாக்கி எனக் குறிப்பிடலாம். 1971இல் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் மேடி, நெளிவாக்கியினூடு செல்லும் இலத்திரன் கற்றை, தன்னுடன் வரும் ஒளியைப் பெருக்க வல்லது என்னும் கொள்கையை வெளியிட்டார். 1976இல் 10.6 மைக்கிரோமீற்றர் அலைநீள ஒளி இம்முறையிற் பெருக்கப்பட்டது. 1977இல் 4.3 கோடி இலத்திரன்வோல்ற்றுச் சத்தி கொண்ட கற்றையைப் பயன்படுத்தி, 3.4 மைக்கிரோமீற்றர் அலைநீளத்தில் முதலாவது சுயாதீன இலத்திரன் இலேசர் இயங்கியது.

வழக்கமான வரலாறு இங்கே முற்றுப்பெற்றுவிடும். உண்மையில் இடர்கள் இங்கேதான் தொடங்கின.

கண்ணாடி இல்லாத இலேசர்

ஸ்ரான்போர்ட் கருவியில் ஒளி இரு கண்ணாடிகளுக்கிடையே மீண்டும் மீண்டும் சென்று வந்தது. ஒவ்வொரு முறையும் சிறிதளவே பெருகினும், பல முறை சென்று வருவதனால் அது வலுப்பெற்றது. ஆயின் அலைநீளம் 100 நனோமீற்றருக்குக் கீழே செல்லுமிடத்து, நேராக வந்து விழும் ஒளியை நன்கு தெறிக்கவல்ல கண்ணாடி கிடைப்பது அரிதாகின்றது. எக்ஸ் கதிரோ கண்ணாடியைத் துளைத்துச் சென்றுவிடும், அல்லது அதனால் உறிஞ்சப்பட்டுவிடும். ஆகவே ஒளி ஒரே ஒரு முறை நெளிவாக்கியைக் கடக்கும்போதே முழு வலுவையும் அடைதல் வேண்டும்.

இதற்கான கொள்கை 1980ஆம் ஆண்டளவில் உருவாயிற்று. சோவியத் நாட்டின் நோவோசிபிர்ஸ்க் நகரிற் கொன்டரெட்டெங்கோவும் சால்டினும், பின்னர் 1984இல் பொனிபாச்சோ, பெலெக்ரினி, நர்டூச்சி ஆகிய மூவரும் இதனை வகுத்தனர். கொள்கையின் சாரம் பின்வருமாறு: நெளிவாக்கியினுள் புகும் இலத்திரன்கள் தொடக்கத்தில் ஒழுங்கின்றி நிற்கின்றன, ஒவ்வொன்றும் தன்பாட்டில் ஒளியை உமிழ்கின்றது. அவ்வொளி இலத்திரன்களிற் சிலவற்றை முந்தச் செய்கின்றது, சிலவற்றைப் பிந்தச் செய்கின்றது. இதனால் அவை அலைநீளத்துக்குச் சமமான இடைவெளிகளில் மெல்லிய அடுக்குகளாகத் திரளத் தொடங்குகின்றன. திரண்டவை ஒரே அவத்தையில் ஒளியை உமிழ்கின்றன. ஒளி மிக, திரட்சியும் மிகுகின்றது. திரட்சி மிக, ஒளியும் மிகுகின்றது. சந்தையிற் பல்லாயிரவர் தனித்தனியே பேசும்போது எழுவது இரைச்சல். அவர்களே ஒரே தாளத்திற் பாடத் தொடங்கினால் எழுவது பெருங்குரல். கோடிக்கணக்கான இலத்திரன்கள் இரைச்சலில் தொடங்கித் தாமாகவே ஒரு தாளத்துக்கு வந்து சேர்தலே இங்கு நிகழ்கின்றது. இவ்வளர்ச்சி ஓர் எல்லையை அடைந்து நிற்பதை நிரம்பல் என்பர்.

1984ஆம் ஆண்டின் அக்கட்டுரை இந்நிகழ்ச்சிக்குக் கூட்டு உறுதியின்மை என்றே தலைப்பிட்டமை ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது. கருவியின் உயிர்நிலையே ஓர் உறுதியின்மை. தொடக்கத்தில் உள்ள சிறு ஏற்றத்தாழ்வு கட்டுக்கடங்காது வளர்வதனாலேயே ஒளி பிறக்கின்றது. அவ்வாறாயின் சிறு பிழைகளும் உடன் வளர்ந்து அவ்வொளியைக் கெடுத்துவிடாவா? உறுதியின்மையை மூலதனமாகக் கொண்ட கருவியிலிருந்து உறுதியான ஒளியைப் பெறுதல் எங்ஙனம்? பின்வந்த கால் நூற்றாண்டின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறே எனலாம்.

எத்துணை நுண்மை வேண்டப்பட்டது?

இடரின் அளவை ஓர் உதாரணத்தால் உணர்த்தலாம். கலிபோர்னியாவிற் பின்னர் கட்டப்பட்ட எக்ஸ் கதிர் இலேசரில், நெளிவாக்கியின் ஒரு காந்தச் சுற்றின் நீளம் 3 சென்ரிமீற்றர். அங்கு இலத்திரன்களின் சத்தி 1360 கோடி இலத்திரன்வோல்ற்று. அத்துணை வேகத்தில், சார்புக் கொள்கையின் விதிப்படி, உமிழப்படும் ஒளியின் அலைநீளம் அந்த 3 சென்ரிமீற்றரின் இருபது கோடியில் ஒரு பங்காக, அதாவது 0.15 நனோமீற்றராகச் சுருங்குகின்றது. அலைநீளம் சத்தியின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாக மாறுவது. எனவே சத்தி ஆயிரத்தில் ஒரு பங்கு கூடினால் அலைநீளம் ஆயிரத்தில் இரு பங்கு குறைந்துவிடும். எக்ஸ் கதிர் இலேசரின் பெருக்கம் நிகழும் அலைநீளப் பட்டையின் அகலமே ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆர்முடுக்கிக்கு வலு ஊட்டும் மின்னழுத்தம் சிறிது தளம்பினாலும் ஒளியின் நிறம் அந்தப் பட்டையையே விட்டு வெளியேறிவிடும்.

இலத்திரன் கற்றை மிக மெல்லியதாயும் அடர்த்தி மிக்கதாயும் இருத்தல் வேண்டும் என்பது இரண்டாவது நிபந்தனை. 1985இல் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் பிரேசரும் ஷெபீல்டும் உருவாக்கிய இலத்திரன் துவக்கு இதற்கு வழி வகுத்தது. அதில் உலோகத்தைச் சூடாக்காது, ஒளித் துடிப்பொன்றைப் பாய்ச்சி இலத்திரன்கள் வெளியேற்றப்பட்டன. வெளிவந்த கணத்திலேயே அவை வலிய மின்புலத்தினால் ஆர்முடுக்கப்பட்டன. ஏவுகணைகளை வீழ்த்தும் ஆயுதமாகச் சுயாதீன இலத்திரன் இலேசரைப் பயன்படுத்தலாம் என அமெரிக்க அரசு எண்ணிய காலம் அது. அந்த ஆயுதம் கைகூடவில்லை. துவக்கு மட்டும் எஞ்சி, பின்னாளில் புரதங்களின் அமைப்பை அறியும் கருவிக்கு உறுப்பாயிற்று. போரை எண்ணிச் செய்யப்பட்டவை அறிவுக்குப் பயன்பட்ட நிகழ்ச்சிகள் வரலாற்றிற் பலவாயினும், ஒவ்வொன்றும் தனித்து நினைக்கத்தக்கதே.

1992இல், ஸ்ரான்போர்ட்டின் நீண்ட ஆர்முடுக்கியைக் கொண்டு எக்ஸ் கதிர் இலேசர் அமைக்கலாம் எனக் கிளாடியோ பெலெக்ரினி ஒரு கருத்தரங்கில் முன்மொழிந்தார். 1966 முதல் துணிக்கைப் பௌதிகவியலுக்குத் தொண்டாற்றிய 3 கிலோமீற்றர் நீளமான அப்பழைய கருவிக்குப் புதுவாழ்வளிக்கும் திட்டம் அது. எனினும் இரைச்சலிலிருந்து தானாகப் பெருகும் ஒளி குற்றலைநீளத்தில் மெய்யாகவே தோன்றும் என்பதற்கு அன்று செய்முறைச் சான்று எதுவும் இருக்கவில்லை.

ஹம்பேர்க்கின் சான்று

சான்று படிப்படியாகவே வந்தது. 1998இல் 12 மைக்கிரோமீற்றர் அலைநீளத்தில் ஒளி இலட்சக்கணக்கான மடங்கு பெருகியமை அமெரிக்காவிற் காட்டப்பட்டது. 2000இல் ஆர்கோன் ஆய்வுகூடத்தில், கண்ணுக்குப் புலனாகும் 530 நனோமீற்றர் ஒளி நிரம்பலை அடைந்தது. அதே ஆண்டு பெப்ரவரியில் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரிலுள்ள டெசி ஆய்வுகூடத்தில் 109 நனோமீற்றர் அலைநீளத்தில் இலேசர் ஒளி தோன்றியது. அங்கு மீகடத்தி ஆர்முடுக்கித் திட்டத்தை முன்னின்று நடத்திய நோர்வே நாட்டவரான பியோர்ன் வீக், 1999 பெப்ரவரியில் விபத்தொன்றிற் காலமாகியிருந்தார். தாம் விதைத்ததன் விளைவை ஓராண்டு இடைவெளியில் அவர் காணாது போயினார்.

இங்கு ஆண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி நோக்குதல் பயனுடையது. முதல் ஒளி 2000இல் தோன்றியது. 98 நனோமீற்றரில் நிரம்பல் 2001இல் எய்தப்பட்டது. விரிவாக்கப்பட்டுப் பின்னர் பிளாஷ் எனப் பெயர் பெற்ற அக்கருவி, வெளி ஆய்வாளருக்கு 2005இலேயே திறந்துவிடப்பட்டது. 2007இல், 100 கோடி இலத்திரன்வோல்ற்றுச் சத்தியில் அதன் அலைநீளம் 6.5 நனோமீற்றராகக் குறைந்தது. முதல் ஒளிக்கும் முதல் விருந்தினருக்கும் இடையே ஐந்து ஆண்டுகள் கழிந்தன. நிரம்பலை எய்துதல் வெறும் வலுவுக்காக மட்டும் வேண்டப்பட்டதன்று. வளர்ச்சி இடைநடுவில் நிற்கும்போது கற்றையில் உண்டாகும் சிறு மாற்றமும் ஒளியிற் பன்மடங்காகத் தெரியும். நிரம்பலை அடைந்துவிட்டால் அத்தளம்பல் பெரிதும் தணியும். உறுதியின்மைக்கு இயற்கையே இட்ட எல்லை அது.

யப்பான் பிறிதொரு வழியிற் சென்றது. சுமோரு சின்றாகே முதலியோர், ஒளியால் இயங்கும் துவக்கைத் தவிர்த்து, சீரியம் போரைட்டுப் பளிங்கொன்றைச் சூடாக்கி இலத்திரன்களைப் பெறும் பழைய முறையையே மீட்டெடுத்தனர். 1 அம்பியர் அளவான மெல்லிய ஓட்டத்துடன் தொடங்கிப் படிப்படியாக அதனைச் சுருக்கிச் செறிவாக்குதல் அவர்களது திட்டம். நாள்தோறும் ஒரே தன்மையான கற்றையைத் தருவதே நல்ல துவக்கின் இலக்கணம் என்பது அத்தெரிவின் உட்பொருள். 25 கோடி இலத்திரன்வோல்ற்றுச் சத்தி கொண்ட அவர்களது பரிசோதனைக் கருவி 2006இல் 49 நனோமீற்றரில் ஒளிர்ந்தது. அடுத்த ஆண்டில் 50 முதல் 60 நனோமீற்றர் வரையில் நிரம்பலுடன் சீராக இயங்கலாயிற்று. அக்கருவியின் அநுபவத்திலிருந்து பிறந்ததே சாக்லா. 800 கோடி இலத்திரன்வோல்ற்றுச் சத்தியும் ஏறத்தாழ 700 மீற்றர் நீளமும் கொண்ட அது 2011 யூன் மாதத்தில் 0.12 நனோமீற்றர் ஒளியைத் தந்து, 2012 மார்ச்சில் ஆய்வாளருக்குத் திறக்கப்பட்டது.

நீர்மட்டமும் காந்தமும்

2009 ஏப்பிரல் 10ஆம் நாள், ஸ்ரான்போர்ட்டின் பழைய ஆர்முடுக்கியின் இறுதிக் கிலோமீற்றரைப் பயன்படுத்திய புதிய கருவி 0.15 நனோமீற்றர் அலைநீளத்தில் இலேசர் ஒளியை வெளியிட்டது. நிறுவப்படவிருந்த 33 நெளிவாக்கித் துண்டுகளில் 12 மட்டுமே அன்று பயன்பட்டன. இரண்டு மணித்தியாலத்துக்குள் ஒளி கிடைத்துவிட்டது என்ற செய்தி வியப்போடு பேசப்பட்டது. அவ்விரண்டு மணித்தியாலத்துக்குப் பின்னால் நின்ற ஆண்டுகளைப் பற்றி அத்துணை பேசப்படவில்லை.

ஒளி பெருகுதற்கு இலத்திரன்கள் தாம் உமிழ்ந்த ஒளியுடன் ஒட்டியே செல்லவேண்டும். ஆதலின் அவற்றின் பாதை, பத்து மீற்றர் அளவான தூரங்களில் ஏறத்தாழ 5 மைக்கிரோமீற்றருக்குள், அதாவது தலைமயிரின் தடிப்பில் பத்திலொன்றுக்கும் குறைவான வழுவுக்குள், நேராக அமைதல் வேண்டும். நில அளவைக் கருவி எதனாலும் இதனை நிறைவு செய்தல் இயலாது. எனவே இலத்திரன் கற்றையையே அளவுகோலாக்கினர். வேறுபட்ட சத்திகளிற் கற்றையைச் செலுத்தி, அது எவ்வெவ்விடத்தில் எவ்வளவு விலகுகின்றது என அளந்து, அதற்கேற்பக் காந்தங்களை நகர்த்தினர். பூமியின் காந்தப்புலம் விளைக்கும் விலகலும் இவ்வாறே கணக்கில் எடுக்கப்பட்டது. அதன்பின் காந்தங்கள் அசைகின்றனவா எனக் கண்காணிப்பதற்கு இழுத்துக் கட்டிய கம்பிகளும், ஒன்றோடொன்று தொடுக்கப்பட்ட நீர்மட்டங்களும் பயன்பட்டன. எமது ஊர்களிற் சுவர் கட்டும் மேசன்மார் நீர் நிரப்பிய குழாயினால் மட்டம் பார்ப்பதை நாம் கண்டிருக்கின்றோம். அதே தத்துவம் அங்கும் தொழிற்பட்டது.

வெப்பநிலையும் அவ்வாறே. ஒரு பாகை வெப்பம் ஏறினால் நெளிவாக்கியின் நிலைக்காந்தம் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு வலுவிழக்கும். அனுமதிக்கப்பட்ட வழுவோ இலட்சத்தில் பதினைந்து பங்கு அளவானதே. ஆகவே நீண்ட மண்டபம் முழுவதும் வெப்பநிலை பாகையின் சிறு பின்னத்துக்குள் நிலைநிறுத்தப்பட வேண்டியிருந்தது.

எதிர்பாராத இடரொன்றும் நேர்ந்தது. 2007இல் கற்றையைப் பரிசோதிக்கத் தொடங்கியபோது, அதன் வடிவைக் காட்டவேண்டிய திரைகள் மிகையான ஒளியினால் குருடாகின. கற்றை மிகவும் ஒழுங்காக அமைந்தமையே இதற்குக் காரணம். இலத்திரன்களின் சத்தி வேறுபாடு மிகச் சிறிதாக இருந்தமையால், வேண்டாத நுண்திரட்சிகள் நெளிவாக்கியை அடையுமுன்னரே கற்றையில் வளர்ந்துவிட்டன. இத்தகைய இடரை முன்னரே எதிர்பார்த்து வகுக்கப்பட்டிருந்த பரிகாரம் விந்தையானது. சாதாரண இலேசர் ஒளியொன்றைக் கற்றையின்மீது செலுத்தி, அதன் ஒழுங்கைச் சிறிதளவு குலைத்தனர். சிறு குழப்பத்தைத் தெரிந்தே புகுத்திப் பெருங்குழப்பத்தைத் தவிர்த்தனர். முழுமையான ஒழுங்கே உறுதியைத் தரும் என்ற எமது எண்ணத்தைத் திருத்திக்கொள்ள இது இடமளிக்கின்றது.

உறுதி எதற்காக?

இத்துணை முயற்சியும் எதன் பொருட்டு? செறிந்த எக்ஸ் கதிர் தான் தொடும் உயிர்ப்பொருளை அழித்துவிடும். ஒரு செக்கனை நூறு கோடி பங்காக்கி, அப்பங்கொன்றை மீண்டும் பத்து இலட்சம் பங்காக்கினால் வருவது ஒரு பெம்ரோ செக்கன். சில பத்துப் பெம்ரோ செக்கன்களே நிலைக்கும் துடிப்பாயின், மூலக்கூறு சிதையுமுன்னரே அதன் கோலம் பதிவாகிவிடும் என்பதை 2000இல் நொய்ட்சே முதலியோர் கணித்தனர். 2006இல் ஹம்பேர்க்கில் அக்கருத்து செய்முறையில் மெய்ப்பிக்கப்பட்டது. 2011இல் சப்மனும் அவர்தம் குழுவினரும் ஒளித்தொகுப்பில் ஈடுபடும் புரதமொன்றின் நுண்பளிங்குகளை ஸ்ரான்போர்ட் கருவியில் ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் பதிவுசெய்த கோலங்கள் 30 இலட்சத்துக்கு மேற்பட்டவை. ஒவ்வொரு பளிங்கும் ஒரே துடிப்பில் அழிய, அடுத்த துடிப்புக்கு அடுத்த பளிங்கு வந்தது. ஒரு முறை ஒளிர்ந்து அணையும் கருவி இத்தகைய ஆய்வுக்கு எவ்விதத்தும் உதவாது. இலட்சம் முறையும் ஒளிரும் கருவியே உதவும். உறுதிநிலை இங்கு பொறியியலாளரின் ஆடம்பரமன்று. அறிவு பெறுதற்கான நிபந்தனை.

எனினும் உறுதிநிலை முற்றாக வென்றெடுக்கப்பட்டுவிட்டது எனக் கூறுதல் பொருந்தாது. இரைச்சலிற் பிறந்த ஒளி, துடிப்புக்குத் துடிப்பு சிறிதேனும் வேறுபட்டே தீரும். இதனை ஒழிப்பதற்கு இரைச்சலுக்குப் பதிலாக ஒழுங்கான ஒளியொன்றையே விதையாக இடும் முறை வகுக்கப்பட்டது. புரூக்ஹேவனில் லீ ஹுவா யூ 1991இல் எடுத்துரைத்த இம்முறையை, இத்தாலியின் திரியெஸ்தே நகரிலுள்ள பேர்மி கருவி 2010இன் இறுதியிலிருந்து குற்றலைநீளத்திற் கையாளலாயிற்று. 2012இல் ஸ்ரான்போர்ட் கருவியில் மெல்லிய வைரப் பளிங்கொன்றினால் எக்ஸ் கதிரையே வடித்து, அதனை அதற்கே விதையாக்கினர். நிறத்தின் விரிவு நாற்பது முதல் ஐம்பது மடங்கு வரை குறைந்தது. ஆயினும் கற்றையின் சத்தி தளம்பியமையால் ஒளியின் செறிவு தொடர்ந்தும் மாறிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் அடக்கிய இரைச்சல் வேறோரிடத்தில் தலைகாட்டியது. 2017இல் ஹம்பேர்க் அருகே தொடங்கிய 3.4 கிலோமீற்றர் நீளமான ஐரோப்பிய எக்ஸ் கதிர் இலேசர் செக்கனுக்கு 27,000 துடிப்புகளைத் தர வல்லது. 2023 செப்தெம்பரில் முதல் ஒளியைக் கண்ட ஸ்ரான்போர்ட்டின் மீகடத்திக் கருவி, செக்கனுக்குப் பத்து இலட்சம் துடிப்புகளை இலக்காகக் கொண்டது. துடிப்புகள் பெருகுந்தோறும் அவை ஒன்றையொன்று ஒத்திருக்க வேண்டிய தேவையும் பெருகுகின்றது.

முடிவாக

இதுவரை கூறியவற்றால் ஒன்று தெளிவாகும். 1977, 2000, 2009 ஆகிய ஆண்டுகளை மட்டும் மனனஞ் செய்பவர் இக்கருவியின் பிறப்பை அறிவார். அதன் வாழ்வை அறியார். 2001, 2005, 2007 ஆகிய ஆண்டுகளில் எந்தப் புதிய தத்துவமும் காணப்படவில்லை. நிரம்பல் எய்தப்பட்டது, அந்நியருக்குக் கதவு திறக்கப்பட்டது, சீரான ஒளி நாள்தோறும் கிடைத்தது. அவ்வளவே. ஆயின் அவையின்றி 2011இன் புரத ஆய்வு நிகழ்ந்திராது. நீர்மட்டத்தைப் பார்த்தவர், வெப்பமானியைக் கண்காணித்தவர், நள்ளிரவில் காந்தத்தை மைக்கிரோமீற்றர் அளவில் நகர்த்தியவர் ஆகியோருட் பெரும்பாலோரின் பெயர், நூற்றுக்கணக்கானோர் கையொப்பமிட்ட கட்டுரைகளின் முகப்பில் ஒரு முறை தோன்றி மறைகின்றது.

அரசுகளின் வரலாற்றை எழுதும்போது முடிசூடிய ஆண்டை மட்டும் குறித்து, ஆட்சி நடந்த விதத்தைக் கூறாது விட்டால் அதனைக் குறைபாடு என்போம். கருவிகளின் வரலாற்றுக்கும் அதே நியாயம் பொருந்தும். எந்தக் கருவியைப் பற்றி எழுதினும், அது முதலில் இயங்கிய நாளையும், பிறர் அதனை நம்பத் தொடங்கிய நாளையும் இரண்டாகவே குறித்தல் வேண்டும். அவ்விரு நாட்களுக்கும் இடையில் உள்ள ஆண்டுகளே நாம் எழுதவேண்டிய வரலாறு.